கோணேசர் மலையில மான் தின்ன சொப்பிங் பேக்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் வெள்ளவத்தையில முப்பது வருஷமா இருக்கிறன். உங்கட பேப்பர ஞாயிற்றுக்கிழமை மட்டும் காசு குடுத்து வாங்குற ஆள், மற்ற நாள்ல பக்கத்து வீட்டு அன்ரியிட்ட இரவல்தான். கடிதம் எழுதுறது இதான் முதல் தடவை, பிழை கிடந்தா நீங்களே திருத்திப் போடுங்கோ.

வெசாக் லீவில அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போனனான். வேன் பிடிக்கிற அளவுக்கு இப்ப கையில காசில்ல, அதால கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல இரவு ரெயின் ஏறினனாங்கள், கல்லோயாச் சந்தியில அது நிண்ட நிப்பில அம்மா "பேசாம வீட்டிலயே இருந்திருக்கலாம்" எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டா. ஆனா விடிய இறங்கி டச் பே கடற்கரைப் பக்கம் நடந்த உடன வாய மூடிட்டா. என்ர மகனுக்கு கடல் எண்டா சூரியன் விழுற இடம், காலிமுகத்திடல்ல இஸ்ஸோ வடை தின்றபடி அவன் பாத்தது அதத்தானே, இங்க சூரியன் தண்ணிக்குள்ள இருந்து எழும்பி வாறதப் பாத்திட்டு "அம்மா கடல் மாறி நிக்குது" எண்டான். அதோட வைகாசி மாசம் எங்கட பக்கம் கடல் உறுமிக்கொண்டு ரெயில் பாதை வரைக்கும் தெறிக்கும், அங்க அதே மாசம் தட்டில ஊத்தின பால் மாதிரிக் கிடக்கு. மார்கழியில போனா தலைகீழ், வாடைக்காத்து அங்கதான் அடிக்கும்.

கோணேசர் கோயில் இருக்கிற மலைக்கு ஓட்டோவில ஏறாம நடந்தே போனனாங்கள், அது நல்ல முடிவு. பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளாலதான் கோயிலுக்குப் போகவேணும் எண்டு தெரியும், ஆனா அந்த வாசல் கல்லில ரெட்டை மீன் செதுக்கி இருக்கிறது இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. பாண்டியர்ர சின்னம். 1620களில போர்த்துக்கேயர் பழைய கோணேசர் கோயில இடிச்சு அந்தக் கல்லுகளாலயே கோட்டை கட்டினவை, பிறகு 1639ல ஒல்லாந்தர் பிடிச்சவை, வெள்ளைக்காரன் வந்து 1803ல தன்ர இளவரசன்ர பேர அதுக்கு வச்சான், இவ்வளவும் நடந்தும் அந்த ரெண்டு மீனும் அப்பிடியே இருக்கு. ஒரு பெடியன் அதுக்குப் பக்கத்தில சாய்ஞ்சு நிண்டு ஃபோன்ல ஆரோடயோ சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டான், மீன் அவன்ர முழங்கைக்குப் பின்னால.

சாமி கும்பிட்டிட்டு இராவணன் வெட்டுப் பக்கம் வந்தம். இதப் பற்றித்தான் நான் கொஞ்சம் கதைக்கவேணும் ஐயா, ஏனெண்டா வேன்ல வாற எங்கட கொழும்பு ஆக்கள் அதில அஞ்சு நிமிஷம்தான் நிக்கினம், கன்னியா வெந்நீர் ஊத்து ஏழும் பாக்கவேணும், நிலாவெளியும் போகவேணும் எண்டு ட்ரைவர் ஹோர்ன் அடிச்சுக் கூப்பிடுறார். மலைய ஆரோ வாளால ஒரே வெட்டா வெட்டினது மாதிரிப் பிளந்து போய்க் கிடக்கு, இராவணன் தாய்க்காக மலையப் பெயர்க்கப் பாத்த கதை எங்கட அம்மாவுக்கு மனப்பாடம், மகனுக்கும் சொல்லிக் குடுத்தா. கீழ எட்டிப்பாத்தா தண்ணி முதல்ல பச்சை, பிறகு நீலம், பிறகு மை மாதிரிக் கறுப்பு. கல்லில அடிக்கிற அலை கண்ணுக்குத் தெரிஞ்சு ஒரு கணம் கழிச்சுத்தான் சத்தம் மேல வருது. மீன்பிடி வள்ளம் ஒண்டு போச்சு, அரிசிமணி அளவு. விளிம்பில நிக்கிற மரத்தில பிள்ளை வரம் கேட்டு ஆக்கள் கட்டின சின்னத் தொட்டிலுகள், துணி முடிச்சுகள், எல்லாம் காத்துக்கு ஒண்டோட ஒண்டு முட்டி டக் டக் எண்டு சத்தம். கோயில் இடிஞ்சு போய்க் கிடந்த காலத்தில, கட்டடம் ஒண்டும் இல்லாமலே, இந்த விளிம்பில நிண்டுதான் ஐயர் பூசை செய்து பூவையும் படையலையும் கடலுக்குள்ள போடுறவராம். அம்மா அதக் கேட்டிட்டு கையில இருந்த பூவக் கீழ போட்டா, காத்து அத அப்பிடியே திருப்பிக் கொண்டுவந்து என்ர தலையில போட்டுது.

அந்தத் தண்ணிக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு அங்க நிண்ட நூறு பேரில எத்தினை பேருக்குத் தெரியும்? 1956ல விஞ்ஞானக் கதை எழுதின ஆர்தர் சி. கிளார்க்கும் அவர்ர கூட்டாளி மைக் வில்சனும் இதுக்குள்ள சுழியோடித்தான் பழைய கோயில்ர தூண்கள், செதுக்கின கல்லுகள் எல்லாம் கண்டவை. 1950ல பக்கத்தில கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து வெண்கல விக்கிரகங்கள் வந்தது, புதுக் கோயிலுக்கு 1963ல கும்பாபிஷேகம் நடந்தது. இன்னொண்டு, கடலுக்கடியில பெரிய ஆழப் பள்ளத்தாக்கு ஒண்டு திருகோணமலைக் கரைக்குக் கிட்ட வரைக்கும் வருது, அதாலதான் நீலத் திமிங்கிலம் கூட இந்த மலையில நிண்டு பாக்கக்கூடின தூரத்துக்கு வருமாம், உலகத்திலயே பெரிய பிராணி! கச்சான் விக்கிற ஐயா ஒருத்தர்தான் மகனக் கூப்பிட்டு "தம்பி, அந்தக் கறுப்புத் தண்ணியையே பாத்துக்கொண்டு நில்லும், புகை மாதிரி எழும்பும்" எண்டார். இருவது நிமிஷம் நிண்டம். எழும்பினது ஒருக்கா. அது திமிங்கிலமோ அலைத் துமியோ சத்தியம் பண்ண மாட்டன், ஆனா மகன் வகுப்பில திமிங்கிலம் எண்டுதான் சொல்லியிருக்கிறான், நானும் மறுக்கேல்ல.

சரி, இனி நான் கடிதம் எழுதின காரணத்துக்கு வாறன். இறங்கி வரேக்க அம்மாவுக்குக் கால் உளைஞ்சு கோட்டைக்குள்ள மர நிழல்ல இருந்தம். அங்க புள்ளி மான்கள் ஆட்டுக்குட்டி மாதிரிக் கிட்ட வரும், எல்லாருக்கும் தெரியும். அர்ச்சனைத் தட்டில மிஞ்சின வாழைப்பழத்த அம்மா ஒரு ரோஸ் கலர் சொப்பிங் பேக்ல போட்டு மதில்ல வச்சவா. நான் தண்ணிப் போத்தில் வாங்கப் போய்த் திரும்பி வாறன், ஒரு பெண் மான் பழத்தோட பேக்கையும் சேர்த்துச் சப்பிக்கொண்டு நிக்குது. மகன் ஓடிப்போய் வாய்க்கு வெளியால தொங்கின நுனியப் பிடிச்சு இழுத்தான். எச்சில் வடிய ஒரு முழத்துக்கு வந்துது, பிறகு அறுந்து போச்சு. மிச்சம் உள்ள. மான் அவன ஒருக்காப் பாத்திட்டு மற்ற ஆக்களிட்ட போயிட்டுது, அங்க இன்னொரு குடும்பம் பிஸ்கட் பக்கெட்டோட நிண்டது. அது சமிக்காது ஐயா, வயித்துக்குள்ள சேர்ந்து சேர்ந்து கடைசியில சாப்பாடு இறங்க இடம் இல்லாமப் போகும்.

அத விட்டது நாங்கதான், வேற ஆரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்ல. ஆனா நான் பாத்த அளவில அண்டைக்கு வந்த ஆக்களில பாதிப் பேர்ர கையில அதே பேக். அதால கேக்கிறன், கோட்டை வாசல்லயே பேக்க வாங்கி வச்சிட்டு ஓலைப் பெட்டியோ கடதாசிப் பையோ குடுத்தா என்ன? குப்பை வாளி இருந்தாலும் மான் மூக்கால தள்ளித் திறக்காத மூடியோட இருக்கவேணும், திறந்த வாளி மானுக்குச் சாப்பாட்டுத் தட்டுத்தான். இராவணன் வெட்டில மூண்டு பாஷையிலயும் ஒரு போர்ட், கீழ என்ன கிடக்கு, எந்த மாசம் எந்தப் பக்கம் பாக்கவேணும் எண்டு எழுதி வச்சா ஆக்கள் செல்ஃபிக்கு வேலியில ஏறாமக் கொஞ்ச நேரம் கடலையும் பாப்பினம். (ரெண்டு பெடியள் கம்பியத் தாண்டிப் போய் நிண்டு படம் எடுத்தவங்கள், அம்மா ஊர்க் கிழவி மாதிரிக் கத்தினாப் பிறகுதான் வந்தவங்கள். அவா இல்லாட்டி என்ன ஆகியிருக்குமோ.)

இந்தக் கடிதத்தோட ரெண்டு படம் அனுப்பியிருக்கிறன். ஒண்டு நாங்க மூண்டு பேரும் மலையில நிக்கிறது, மற்றது வாயில ரோஸ் கலர் தொங்க நிக்கிற மான். பேப்பர்ல இடம் ஒண்டுக்குத்தான் இருக்கெண்டா மானப் போடுங்கோ, அம்மா கோவிப்பா, அத நான் பாத்துக்கொள்ளுறன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி,
கொழும்பு 06