காவிரியைப் பற்றிப் பேச உட்காரும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போனில் சொன்னதிலிருந்து அதே யோசனைதான். பெங்களூரில் உங்கள் குடியிருப்பில், காவிரிக்குக் குறுக்கே மேகதாதுவில் கர்நாடகம் கட்ட நினைக்கிற அணையைப் பற்றிய பேச்சு முற்றி, ஒரே மாடியில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் லிஃப்ட்டில்கூட முகம் பார்ப்பதில்லை என்றாய். சங்கத்தார் உன்னைக் கூட்டம் கூட்டிப் பேசவைக்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்றாய். கூட்டு, தள்ளிப்போடாதே.

பேசாமல் விட்டால் தானே ஆறிவிடும் என்று உன்னிடம் யாராவது சொல்வார்கள். எங்கே ஆறியது? 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம், கர்நாடகம் நமக்கு வருஷத்துக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீர் தரவேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அது டிசம்பரில் அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள், எத்தனையோ குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்தன. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. அதே நாளில் சென்னையில் கர்நாடகக்காரர் ஓட்டல் ஒன்றில் பெட்ரோல் குண்டு வீசினார்கள், அதையும் நீ மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் காயத்தை மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் காது அந்த நிமிஷமே மூடிக்கொள்ளும்.

காவிரிக் குடும்பம் என்று ஒன்று இருந்தது, உனக்குத் தெரியுமா? 2002-ல் மழை பொய்த்து இரண்டு மாநிலமும் முறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த வருஷமே, 2003-ல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜனகராஜனின் முயற்சியில் இரண்டு பக்கத்து விவசாயிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். நம் பக்கம் மன்னார்குடி ரங்கநாதன். காவிரிக்காக 1983-ல் உச்ச நீதிமன்றம் போனதே அவருடைய சங்கம்தான். அந்தப் பக்கம் விவசாயிகள் சங்கத் தலைவர் புட்டண்ணையா. உரிமையில் ஒரு சொட்டு விட்டுக்கொடுக்காத ஆட்கள் இரண்டு பேரும். அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு ஒரு கனம் வந்தது என்று நான் நினைக்கிறேன். உன் கூட்டத்துக்கும் சாதுவாகத் தலையாட்டுகிறவர்களை மட்டும் கூப்பிடாதே. சத்தம் போடுகிற அந்த இரண்டு குடும்பமும் வரவேண்டும்.

அவர்கள் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒருவர் ஊரை ஒருவர் போய்ப் பார்த்தது. நம்மவர்கள் கர்நாடகத்து அணைகளைப் போய்ப் பார்த்தார்கள், அவர்கள் டெல்டாவுக்கு வந்து பார்த்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பேசும்போது "அவன் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறான்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கர்நாடகத்தில் காவிரிப் பாசனத்தில் இருக்கிற மாண்டியாக்காரருக்கும் நெல்லும் கரும்பும்தான், கடனும்தான். நம் கடைமடையில் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால்தான் குறுவை நெல் என்பதும், திறந்த பிறகும் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துசேர நாளாகும் என்பதும் அவர்கள் வந்து பார்த்தால்தான் புரியும். "உங்களுக்குத்தான் வடகிழக்குப் பருவமழை இருக்கிறதே" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குக் கோபப்படாமல், ஐப்பசி மழை குறுவைக்கு உதவாது, அடுத்த சம்பா நெல்லுக்கு நாற்று விடும்போதும் ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று நிதானமாகச் சொல்லத் தெரிய வேண்டும். அதேபோல மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடந்த 1924 காவிரி ஒப்பந்தத்தில் வெள்ளைக்காரன் தங்கள் கையை முறுக்கிக் கையெழுத்து வாங்கினான் என்ற வருத்தம் அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. அதை முழுசாகக் கேள். பதில் சொல்ல அவசரப்படாதே.

அந்தக் காவிரிக் குடும்பத்தால் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு ஒரு முடிவு கொண்டுவர முடியவில்லை, அரசாங்கங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அது வீண் என்று எவனாவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

சரி, உன் கூட்டத்துக்கு வருவோம். எல்லாரையும் ஒரே ஹாலில் வரிசையாக உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தால் அது பொதுக்கூட்டம், கைதட்டலுக்குத்தான் பேசுவார்கள். ஆறு பேர் ஆறு பேராக வட்டமாக உட்காரவை, ஒவ்வொரு வட்டத்திலும் எல்லாரும் கலந்திருக்கட்டும். முதல் சுற்றில் டி.எம்.சி. கணக்கே வேண்டாம். இந்தத் தண்ணீர்ச் சண்டை உங்கள் வாழ்க்கையில் எங்கே வந்து தொட்டது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். 91-ல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்த தமிழ்க் கிழவி ஒருத்தி இருக்கலாம். கிணறு வற்றி நிலத்தை விற்றுவிட்டு வந்த கன்னடக் குடும்பமும் இருக்கலாம். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. அடுத்த சுற்றில் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல், "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று அவர் தலையாட்டும் வரைக்கும். நம் ஊர் கிராம சபையில் இது மட்டும் நடந்தால் பாதி சண்டை அங்கேயே தீரும்.

கணக்கு அதற்கப்புறம் வரட்டும். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டதை மட்டும் பலகையில் எழுதுங்கள், அதை எழுதுவதற்குப் பக்கத்துக்கு ஓர் ஆள். நடுவர் மன்றம் 2007-ல் 740 டி.எம்.சி.யைப் பிரித்தது, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, மீதி சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும். உங்கள் மலையாளி நண்பர்களும் இந்த வழக்கில் ஒரு தரப்புதான், அவர்களை நடுவராக உட்காரவைத்துவிடாதே. இந்தக் கணக்கெல்லாம் மழை ஒழுங்காகப் பெய்த வருஷத்துக்கு. 2018-ல் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது யார் சண்டை போட்டார்கள்? பற்றாக்குறை வருஷத்தில் எந்த மாதம் எவ்வளவு குறைப்பது என்பதில்தான் முடிச்சு விழுகிறது. இந்த ஒரு விஷயத்தை எல்லாரும் சேர்ந்து கண்டுகொண்டால், "நீ திருடன், இல்லை நீதான் திருடன்" என்கிற பேச்சு அதோடு நிற்கும்.

இன்னொன்று, சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நம் பங்கில் கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-ல் 4.75 பெங்களூர் குடிநீருக்கு. அன்றைக்கு இந்த ஊரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைத்தான் நீயும் குடிக்கிறாய், என் பேரனுக்கும் கொடுக்கிறாய். உங்கள் மாடியில் இருக்கிற தமிழன், கன்னடன், தெலுங்கன் எல்லார் வீட்டுக் குழாயிலும் அதுதான் வருகிறது. இதைக் கூட்டத்தில் நீயே முதலில் சொல். டெல்டா விவசாயி மகள் என்பதையும் சொல், ஒளிக்காதே. அப்புறம் கூட்டத்தை நீ தனியாக நடத்த வேண்டாம், கன்னடக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். இங்கிலீஷில் மட்டும் பேசினால் வயசானவர்களும் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களும் வாய் திறக்கமாட்டார்கள். அவரவர் பாஷையில் பேசட்டும், தெரிந்தவர் எடுத்துச் சொல்லட்டும்.

முடிவில் கை தூக்கி ஓட்டெடுக்காதே. மேகதாதுவில் அணை கட்டலாமா கூடாதா என்று உங்கள் குடியிருப்பு தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. எனக்கு அந்த அணை வேண்டாம், அதில் மாற்றமில்லை. வேண்டும் என்கிறவரோடு நீ ஒரே மாடியில் இருக்கிறாய், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து வாங்க வேண்டும்.

மாண்டியாக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றாயே, கரும்புக்கு எத்தனை மாதம் தண்ணீர் கட்டுகிறார்கள், நெல்லை விட்டுக் கேழ்வரகுக்கு மாறியவர்கள் உண்டா என்று கேட்டு எழுது. அவருக்கு இஷ்டமானால் குறுவை நடவு சமயத்தில் குடும்பத்தோடு வரச் சொல். மாடி அறையைக் கழுவி வைக்கிறேன், எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா