சாப்பாடு வருகிறது, ஆள் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறந்தநாள், திருமண நாள், பெற்றோரின் நினைவு நாள் என்று மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பள்ளிகளில் அன்னதானம் செய்வோரின் படங்கள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. தருமபுரி நகரை ஒட்டிய அப்படியொரு சிறப்புப் பள்ளியில்தான் என் மகள் படிக்கிறாள். அவளுக்கு மூளை முடக்குவாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகளும் அசைவும் கட்டுப்பாட்டில் இருக்காது. அந்தப் பள்ளிக்கு ஊர் மக்கள் செய்வதைப் பல ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்து பார்ப்பவள் என்ற முறையில், நன்றியோடும் கொஞ்சம் ஆதங்கத்தோடும் இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்து மக்களுக்குக் கொடுக்கும் மனம் உண்டு. அறுவடை முடிந்ததும் கேழ்வரகு மூட்டையை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் போகிற விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன். மாம்பழக் காலத்தில் கூடை கூடையாகப் பழம் வருகிறது. ஆனால் புத்தாண்டன்றும் டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளன்றும் இரண்டு மூன்று வீட்டுச் சாப்பாடு ஒன்றாக வந்து மீந்துபோகிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்து, எல்லார் கையும் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் காலியாகிவிடும் நாட்களில் யாரும் வருவதில்லை.

வருகிற சாப்பாட்டையும் பற்றிச் சொல்ல வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு மென்று விழுங்குவது பெரும்பாடு. உதிரி உதிரியான பிரியாணி தொண்டையில் சிக்கிப் புரையேறிவிடும். தண்ணீரே சிலருக்கு மூச்சுக் குழலுக்குள் போய்விடும். கெட்டியான கேழ்வரகுக் கூழ் அதைவிடச் சுலபமாக இறங்கும். முதுகு நிமிர உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்து, ஒரு வாய் உள்ளே போனதா என்று பார்த்த பிறகே அடுத்த வாய் ஊட்ட வேண்டும். ஒரு குழந்தைக்கே அரை மணி நேரம் ஆகும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தைகளுக்கு நேரம் தவறவே கூடாது. விருந்தினர் வந்து படம் எடுக்கும்வரை தட்டுக்கு முன்னால் பசியோடு காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது என் வயிறு எரிகிறது. தயவுசெய்து முந்தைய நாளே பள்ளிக்குப் போன் செய்து, என்ன வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும், எந்த நாள் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். குழைந்த பருப்புச் சாதமும் வெந்த காய்கறியும் போதும்.

பணமே இல்லாமல் செய்யக்கூடியவையும் நிறைய இருக்கின்றன. பள்ளிக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் தச்சர் ஒருவர், நேராக உட்கார முடியாத ஒரு சிறுவனின் முதுகு, தொடை, முழங்கால் எல்லாவற்றையும் அளந்து, மூலை நாற்காலி ஒன்று செய்து கொடுத்தார். பின்பலகை இரண்டு பக்கமும் சுவர் மூலையைப் போல் சேர்ந்திருக்கும். இடுப்புக்குப் பட்டை, கால் பதியப் பலகை, முன்னால் தட்டு வைக்க மேசை. அதில் உட்காரத் தொடங்கிய பிறகு அந்தச் சிறுவன், கைப்பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கிய கரண்டியால் தானே சாப்பிடுகிறான். பாதி கீழே சிந்துகிறது. சிந்தட்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! நானும் தையற்காரிதான். பொத்தானுக்குப் பதிலாக வெல்க்ரோ, இடுப்பில் எலாஸ்டிக், கேலிப்பர் என்னும் தாங்குபட்டை போட்ட காலும் நுழையும்படி பக்கத் தையலில் திறப்பு என்று சீருடைக் கால்சட்டைகளை மாற்றித் தைத்துக் கொடுக்கிறேன். கழிப்பறைக்கு ஆயாவைக் கூப்பிடாமல் தானே போய்வருவது பத்து வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

பள்ளியின் பெரிய கவலை வேன்தான். பேருந்தில் இலவசப் பயணச் சலுகை இருக்கிறது. ஆனால் கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எந்தத் தாயால் தினமும் ஏற முடியும்? பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் வேன் ஓடாத நாளில் வீட்டிலேயே கிடக்கிறார்கள். இரண்டு வாரம் பிசியோதெரபி விட்டுப்போனால் தசைகள் மறுபடியும் இறுகிவிடுகின்றன. டீசல், டயர், பழுது, ஓட்டுநர் சம்பளம் ஆகியவற்றை யாரும் நினைவு நாள் தானமாகக் கொடுப்பதில்லை. ஒரு தெருவோ ஒரு கடைவீதியோ சேர்ந்து மாதாமாதம் அந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால் அது பெரிய புண்ணியம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உணவு கொண்டுவரும் சிலர் பிள்ளைகளின் காதுபடவே "போன ஜென்மத்துப் பாவம்" என்கிறார்கள். குறைமாதத்தில் பிறப்பது, பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் தடைபடுவது, கடும் மஞ்சள் காமாலை மூளையைத் தாக்குவது என்று இதற்கு மருத்துவக் காரணங்கள் இருக்கின்றன. நம் ஊருக்கு இது புரியாததா? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடால் எத்தனை பேருக்குப் பல் கறைபட்டது, எலும்பு வளைந்தது! காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது, குற்றம் தண்ணீரில் என்று தெரிந்த பிறகுதானே? அங்கே விதியைப் பேசாதவர்கள் என் மகளிடம் மட்டும் ஏன் பேச வேண்டும்?

அரசு செய்வதை மறுக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயதுவரை, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. மாதம் 1,500 ரூபாயாக இருந்த பராமரிப்பு உதவித்தொகை பின்னர் 2,000 ஆனது. எங்களைப் போன்ற வீடுகளில் மாத்திரைக்கும் டயப்பருக்கும் அது உதவுகிறது. 18 வயது முடிந்த பிறகு எங்கள் பிள்ளை எங்கே போகும் என்பதுதான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. காகித உறை ஒட்டவும், பூ கட்டவும், மிதியடி பின்னவும் பள்ளியில் கற்ற பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள். உறை வாங்கும் கடைக்காரர்கள் கொஞ்சம் அவர்களிடமும் வாங்கலாம்.

அன்னதானப் படங்களை வெளியிடும்போது, அந்தப் பள்ளியில் எந்த நாட்கள் காலியாக இருக்கின்றன, எந்த வேலைக்கு ஆள் தேவை என்று நான்கு வரி சேர்த்துப் போட முடியுமா? பள்ளியில் கேட்டால் சொல்வார்கள். ஊட்டிவிட ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஓய்வுபெற்றவர்கள் நம் நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்குவத்தைச் சிறப்பாசிரியர்கள் கற்றுத் தருவார்கள். தையல் தெரிந்தவர்கள் வந்தால் அந்தக் கால்சட்டையின் அளவையும் துணி வெட்டும் முறையையும் நான் சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
மாணவி ஒருத்தியின் தாய்,
தருமபுரி.