பின்சீட்டில் உட்காரப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை வண்டி பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பி மைசூர், குடகு என்று நாலைந்து நாள். இரண்டு பேர், இரண்டு பை. அவர் எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன் என்று பார்ப்பார். பார்க்கட்டும். ஆனால் இந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நீதான். ஓட்டுகிறவர் கையில் ஹேண்டில்பார் இருக்கிறது. எதிரே வரும் பள்ளம் அவருக்கு முன்கூட்டியே தெரியும், உடம்பைத் தூக்கிக்கொள்வார். உனக்குத் தெரிவது அவர் முதுகு மட்டும். அதோடு நீ உட்காரும் இடம் கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கு நேர் மேலே. அந்தச் சக்கரம் வாங்கும் அடியெல்லாம் உன் இடுப்பில்தான் வந்து இறங்கும்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது பின் சஸ்பென்ஷனின் டிராவல், அதாவது சக்கரம் ஏறி இறங்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. விலையும் சிசியும் ஏறினால் சொகுசும் ஏறும் என்று நம்பிவிடாதே. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-க்குப் பின்பக்க டிராவல் 101 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் ஹிமாலயன் 450-க்கு 200. நீங்கள் இருவரும் பைகளோடு உட்கார்ந்தாலே இதில் ஒரு பங்கு போய்விடும். மிச்சமிருப்பதுதான் வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும். கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் ரோட்டில் எத்தனை வேகத்தடை என்று உனக்கே தெரியும். மிச்சம் தீர்ந்துபோனால் 'டம்' என்று அடிவாங்கும்.

இதைச் சரிசெய்யத்தான் ப்ரீலோட் இருக்கிறது, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் இறுக்கி வைப்பது. ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350-இல் 6 படி. கொக்கி மாதிரி இருக்கும் ஸ்பேனரை வளையத்தின் பள்ளத்தில் மாட்டித் திருப்பினால் ஒவ்வொரு படியாக ஏறும். இரண்டு பக்கமும் ஒரே படியில் நிற்க வேண்டும். எந்தப் படி என்பதை இன்ச் டேப் சொல்லும். பின்சக்கரம் தரையைத் தொடாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி வரை அள. பிறகு பைகளை மாட்டி, இருவரும் உட்கார்ந்து, மூன்றாவது ஆளை விட்டு அதே இடத்தை அளக்கச் சொல். மொத்த டிராவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் சரி. அதைவிட அதிகம் இறங்கினால் ஒரு படி ஏற்று. பின்பக்கம் தொங்கியபடியே ஓட்டினால் முன்சக்கரத்தின் பிடி குறையும், வளைவில் வண்டி வெளியே இழுக்கும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். ராத்திரியில் எதிரே வரும் லாரிக்காரர் லைட்டை அடித்து அடித்துக் காட்டினால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்தது எடைக் கணக்கு. மாப்பிள்ளை 78 கிலோ, நீ 62 என்று வைத்துக்கொள். இரண்டு ஹெல்மெட் 3, துணிப்பை இரண்டும் சேர்ந்து 14, தண்ணீர், மழைக்கோட்டு, டூல்ஸ் 8. மொத்தம் 165. துணிப்பைக்குப் பதிலாக, கனமான இரும்புச் சட்டத்தோடு அலுமினியப் பெட்டி மாட்டினால் காலிப் பெட்டிக்கே 15 கிலோ வரை கூடிவிடும், 180. வண்டியோடு வரும் கையேட்டில் அதிகபட்ச சுமை எவ்வளவு என்று போட்டிருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேள். நம் கணக்கு அதைத் தாண்டக் கூடாது. அதனால்தான் இருவர் போகும்போது துணிப்பையே மேல் என்கிறேன்.

சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதே. மெத்துமெத்தென்று இருப்பதுதான் ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடித்தகடு எலும்பில் முட்டும். அகலமாக, தட்டையாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். முன்பக்கம் சரிந்த சீட்டில் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் முதுகில் போய் மோதுவாய். ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்ததும் முட்டியைப் பார்: தொடை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் நல்லது. முட்டி இடுப்புக்கு மேலே வந்தால் எழுபது எண்பது கிலோமீட்டரில் கால் மரத்துவிடும். பிடித்துக்கொள்ள கம்பி இருக்க வேண்டும், சீட்டின் குறுக்கே இருக்கும் பெல்ட் போதாது.

ஏறுவதையும் செய்து பார். அவர் இரண்டு காலையும் தரையில் முழுசாக ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்' சொன்ன பிறகுதான் நீ ஏற வேண்டும். பின்னால் பெட்டி மாட்டிய வண்டியில் காலை அதற்கு மேலே வீச முடியாது. அவர் முதுகுக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் நுழைக்க வேண்டும். அவர் கால் ஊன்றவில்லையென்றால், நீ ஏறும் நொடியில் வண்டி சாயும். மீட்டியார் 350-இன் சீட் 765 மில்லிமீட்டர் உயரம், ஹிமாலயன் 825. மாப்பிள்ளையின் உயரத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

சேலையில், ஒரு பக்கமாக உட்கார்ந்து இந்தப் பயணம் வேண்டாம். இடது பக்கம் பை மாட்டினால் கால் வைக்கவே இடமிருக்காது. சுடிதார் போட்டால் துப்பட்டாவைக் கட்டிக்கொள். பை மாட்டும் சட்டத்துக்காக சேலை கார்டைக் கழற்றச் சொல்வார்கள். பின்சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. கழற்றினால், பை மாட்டும் இரும்புச் சட்டம் அந்த மறைக்கும் வேலையைச் செய்கிறதா என்று பார்.

துணிப்பைக்கும் அதைத் தாங்கும் சட்டம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பை உள்ளே ஆடி சக்கரத்தில் உரசும், சைலன்ஸர் பக்கம் இருப்பது உருகி ஓட்டையாகும். கனமானவை பையின் அடியில், உன் காலை ஒட்டி. உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கேரியரில் லேசானது மட்டும்: மழைக்கோட்டு, போர்வை. பின் அச்சைத் தாண்டி வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். வேகத்தில் ஹேண்டில் ஆடுவது அதனால்தான். கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம். கழன்றால் நேரே செயினுக்குள் போகும். பக்கிள் வைத்த பட்டை வாங்கு.

என்ஜினைப் பற்றிக் கொஞ்சம். நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 80. அந்த வேகத்துக்கு 350 சிசி போதும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இருவரோடு இரண்டாவது கியரில் ஏறிவிடும். இறங்கும்போதும் இரண்டாவது கியர்தான், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. பெங்களூர் ரோட்டில் ஏற்றமும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 350 கொஞ்சம் திணறும், லாரியைத் தாண்ட நேரமெடுக்கும். ஹிமாலயன் திணறாது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. ஒப்பிட்டுப் பார்த்தால், மாப்பிள்ளைக்குக் கால் எட்டினால் ஹிமாலயன் 450. எட்டாவிட்டால், நீ முதுகு சாயப் பின்சாய்வும் முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடியும் உள்ள மீட்டியார் 350 சூப்பர்நோவா, வேகத்தடையில் மெதுவாகப் போவதாக அவர் வாக்குக் கொடுத்தால்.

கிளம்பும் காலையில் டயர் சூடேறுவதற்கு முன் காற்று பார்க்கச் சொல். தனியாக ஓட்ட ஒரு அளவு, இருவருக்கு ஒரு அளவு. இரண்டும் கையேட்டில் இருக்கும். செயினையும் நீங்கள் இருவரும் உட்கார்ந்த பிறகு ஒரு முறை பார்க்க வேண்டும். பாரம் ஏறும்போது செயின் இறுகும். காலி வண்டியில் டைட்டாக வைத்தால் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஷோரூமில் தெருமுனை வரை ஒரு சுற்று போதும் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதே. கணியம்பாடி வரை போய்த் திரும்பினால்தான் அரை மணிக்கு மேல் உட்கார்ந்திருப்பாய். அன்றைக்கு இன்ச் டேப் எடுத்துக்கொள். அந்த இரண்டு பையையும் எடுத்துக்கொள். உள்ளே பைக்கு ஏழு கிலோ அரிசி போட்டுக் கட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்