மூன்றாம் கட்டில் கிடக்கும் பானைகளை உடைக்காதீர்கள்

வீடு பிரிக்கும் பங்காளிகளுக்கு,

அண்ணன்மார்களே, ஆச்சிமார்களே, வணக்கம். செட்டிநாட்டு வளவுகளுக்கு, அந்தப் பெரிய வீடுகளுக்கு, தலைமுறை தலைமுறையாகப் பானை கொடுத்த வேளார் வீட்டுப் பேரன் எழுதுகிறேன்.

போன தை மாதம் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். தேக்குத் தூண்களை எண்ணிப் பார்த்து இறக்கினார்கள். பர்மாவிலிருந்து வந்த ஜாடிகளுக்கும் இனாமல் தூக்குகளுக்கும் வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அவற்றுக்கு விலை இருக்கிறது, சரி. வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் இருந்த மண்பானைகளைக் கொல்லைப் பள்ளத்தில் போட்டு மிதித்து மேடாக்கிவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரே ஒரு உப்புப் பானைதான் மிச்சம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடி இருக்காது. கொஞ்சம் ஆறவிட்டு, உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். அந்தக் கல்லின் தடம்தான் விரலில் தட்டுப்படுகிறது. என் தாத்தா தட்டியதாகவே இருக்கலாம். பானையின் தோள்பட்டையில் உப்புப் பூத்து வெள்ளையாகப் படிந்திருந்தது. எத்தனை குழம்புக்கு அந்தப் பானையிலிருந்து கல்லுப்பு அள்ளியிருப்பார்கள்!

உங்கள் பித்தளை, வெள்ளிச் சாமான்களில் பெயர் வெட்டியிருக்கும். யார் வீட்டுச் சீர் என்று படித்தே சொல்லிவிடலாம். மண்பானையில் யார் பெயரும் இல்லை. அதனாலேயே பங்குப் பட்டியலில் அது ஏறுவதில்லை. கீழடியில் ‘ஆதன்’ என்று பெயர் கீறிய பானை ஓடு கிடைத்தபோது எவ்வளவு பூரித்துப்போனோம்! இங்கே முழுப் பானையையே ஓடாக்குகிறோம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் உங்கள் வீட்டு இருட்டில் இருக்கும் பழைய பானைகளைக் காப்பாற்ற உங்களால்தான் முடியும்.

பானையை நகர்த்துவதற்கு முன், இருக்கிற இடத்திலேயே ஒரு போட்டோ எடுங்கள். வீட்டில் மூத்த ஆச்சி இருந்தால் கேளுங்கள்: எதில் புளி இருந்தது, எதில் விதைநெல் இருந்தது, எந்த ஊர் வேளார் கொண்டுவந்து போட்டது. ஒரு சீட்டில் எழுதிப் பானைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். அப்புறம், தயவுசெய்து கழுவாதீர்கள். உப்புப் பானை நனைந்து காய்ந்தால் உள்ளே ஊறிய உப்பு மறுபடி பூத்து மேல்தோலையே உரித்துவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், வீடு பிரிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் ஊர் வேளார் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எனக்குத் தகவல் வந்துவிடும். விலை சொன்னாலும் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன். சாக்கும் வைக்கோலும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேளார் வீட்டுப் பேரன்