பாக்கு இறுக்கும் வாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்கு மெல்லுவதால் உட்கன்னத்தில் நார் பெருகி வாய் இறுகிப்போகும் நோயைப் (Oral submucous fibrosis) பல் மருத்துவராக நான் அடிக்கடி காண்கிறேன்; அதைப் பற்றி எழுதுகிறேன். சென்ற மாதம் வந்த ஓர் இளைஞரால் வாய்க்குள் இரண்டு விரல்களைக்கூட நுழைக்க முடியவில்லை. உட்கன்னம் பளிங்குபோல் வெளிறியிருந்தது, தடவினால் கயிறு கயிறாக நார் தட்டுப்பட்டது, ரசம் சாதம்கூட எரிகிறது என்றார். புகையிலையைத் தொட்டதே இல்லையாம்; வாசனைப் பாக்கு மட்டும்தான்.

அந்தப் பாக்கு ஒன்றே போதும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. அதிலுள்ள அரிக்கோலின் என்னும் வேதிப்பொருள், வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வின் அடியிலுள்ள செல்களைத் தூண்டிக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை மிகுதியாக உண்டாக்க, டிஜிஎஃப்-பீட்டா என்னும் புரதம் அதை மேலும் முடுக்கிவிடுவதோடு, பழைய கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளையும் அடக்கிவிடுகிறது. பாக்கில் செம்பும் அதிகம். செம்பைக் கொண்டு இயங்கும் லைசில் ஆக்சிடேஸ் நொதி அந்த இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுவதால்தான், பழக்கத்தை விட்ட பிறகும் இறுக்கம் எளிதில் தளர்வதில்லை. ஒரே அளவு மெல்லுவோரில் சிலருக்கு மட்டும் நோய் வருவதற்கு, இப்புரதங்களுக்கான மரபணுக்களில் ஆளுக்காள் உள்ள சிறு வேறுபாடுகளும் காரணமாக இருக்கலாம் என்று ஆராயப்படுகிறது. நாளடைவில் செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53 போன்ற மரபணுக்கள் பழுதடைந்தால் இந்நோய் புற்றாகவே மாறக்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் (மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவை) 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிட்டது. தமிழக அரசு 2013-இல் குட்காவைத் தடை செய்தது. வாசனைப் பாக்குப் பொட்டலங்களோ இன்றும் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்குகின்றன. அவற்றையும் அத்தடைக்குள் கொண்டுவர அரசை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்