மண்கல் பயிற்சி நடத்தப்போகும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு நாள் பயிற்சியில் மண்கல் (குழைத்த மண்ணை அச்சில் வார்த்து, சுடாமல் உலர்த்தும் கல்) அறுத்து, அதே கல்லில் சுவரும் எழுப்பத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். நடக்காது. அறுத்த ஈரக்கல் நன்றாக உலர நல்ல வெயில் காலத்திலேயே மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். சுவருக்கான கல்லை ஒரு மாதம் முன்பே அறுத்து வைத்துவிடுங்கள். வருகிறவர்கள் அறுப்பது அடுத்த வகுப்புக்கு ஆகும்.

முதல் நாள் காலை முழுவதையும் மண்ணுக்கே கொடுங்கள். வேரும் மட்கும் கலந்த மேல்மண்ணை ஓர் அடிக்கு ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே எடுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் நிற்கும், வண்டல் சில மணி நேரத்தில். களிமண் (களி) படிய மறுநாள் ஆகிவிடும். அதனால் இதுதான் முதல் வேலை. களி 15 முதல் 30 சதவீதம், மணல் பாதிக்கு மேல் என்றால் நல்ல மண். ஆனால் களி நீரில் ஊதி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பாட்டிலை மட்டும் நம்பாதீர்கள்.

நம்ப வேண்டியது மாதிரிக் கல்லை. ஒரு பங்கு மண்ணுக்கு மணல் சேர்க்காமல், அரைப் பங்கு சேர்த்து, ஒரு பங்கு சேர்த்து என்று முன்கூட்டியே அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் உலர்த்தி, குறி போட்டு வையுங்கள். வெயில் கல் மட்டும் வெடித்திருந்தால் வேகமாக உலர்ந்ததுதான் காரணம். நிழல் கல்லும் வெடித்திருந்தால் களி மிகுதி. ஓரத்தை நகத்தால் சுரண்டும்போது பொலபொலவென்று உதிர்ந்தால் களி போதவில்லை. இந்தக் கற்களை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். எந்த விளக்கப் படமும் இதற்கு ஈடாகாது.

அறுக்கும் மண் முந்தைய இரவே ஊறியிருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டி உடையாது. மண்ணில் கலக்கும் வைக்கோலை 10 செ.மீ.க்கு மேல் விடாமல் நறுக்குங்கள். அச்சு 35×25×10 செ.மீ. போதும், உலர்ந்த கல்லே பதினைந்து கிலோ வரும், அதைவிடப் பெரிதானால் புதியவர்களுக்கு முதுகு போய்விடும். அச்சைத் தூக்கியதும் கல் தொப்பென்று அமர்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது. மூலைகள் அச்சோடு வந்தால் அச்சை நனைக்கவில்லை. இரண்டு, மூன்று நாளில் கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க மறக்க வேண்டாம்.

கட்டும்போது சுட்ட செங்கல் பழக்கம் குறுக்கே வரும். யாராவது கல்லைத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கரைந்துவிடும், தெளித்தால் போதும். சிமெண்ட் சாந்து கேட்பார்கள். அது கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் உள்ளே பூட்டும். அறுத்த மண்ணையே சலித்துச் சாந்தாக்குங்கள். ஒரே நாளில் ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றினால் கீழ்வரிச் சாந்து பிதுங்கி, தூக்குக்குண்டு தவறிப்போகும்.

பயிற்சிச் சுவர்தானே என்று வெறுந்தரையில் தொடங்க வேண்டாம். ஓர் அடிக்காவது கருங்கல் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். பார்த்ததைத்தான் வீட்டில் போய்க் கட்டுவார்கள்.

அன்புடன்,
மண்வேலைக்காரர்கள்