எந்தக் கருவியிலும் செய்யலாம் என்று சொல்ல வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

திருகோணமலையில் நடந்த மென்பொருள் உருவாக்கப் போட்டியில் இந்த நிரல்மொழியில்தான் எழுதவேண்டும் என்று எந்தக் கட்டுப்பாடும் வைக்கப்படவில்லை. பைதன், ஜாவா, பிஎச்பி, நோட், கோ என்று அவரவர் கைக்குப் பழகியது எதுவோ அதிலே செய்தார்கள். அறிவித்தலில் அது ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாங்கிப்பிடித்தவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி, மதிப்பீட்டுக் கணினியை அமைத்துத் தந்த இளைஞர்களுக்கு. கருவியை அவிழ்த்துவிட்டால் விதியை வேறோரிடத்தில் இறுக்கத்தான் வேண்டும். அவர்கள் இறுக்கிய இடம் வாசல்: ஒவ்வொரு அணியும் தன் மூலக்கோப்புகளோடு செயலியை எப்படிக் கட்டி ஓட்டுவது என்று டொக்கர் என்ற மென்பொருளுக்குச் சொல்லும் டொக்கர் கோப்பு ஒன்றும் தரவேண்டும், செயலி ஒரே கட்டளையில் எழும்பி 8080 ஆம் போர்ட் என்ற இணைப்பு வாசலில் பதில் தரவேண்டும், 1 ஜிபி நினைவகத்துக்குள் ஓடவேண்டும். உள்ளே இருப்பது அணியின் பாடு.

வெற்றுச் செயலி ஒன்றை முன்கூட்டியே கொண்டுவந்து ஓட்டிப்பார்க்கவும் அவர்கள் நேரம் ஒதுக்கினார்கள். கடைசி நேரத்தில் கழுத்தறுக்கும் பிழைகள் எல்லாம் அந்த ஒத்திகையில்தான் பிடிபடும். செயலி 127.0.0.1 என்ற, தன்னையே குறிக்கும் முகவரியில் மட்டும் திறந்திருந்தால், டொக்கர் அதை ஓட்டும் தனிப்பெட்டியான கொண்டெய்னருக்கு வெளியே இருந்து எவராலும் அதை எட்டமுடியாது, 0.0.0.0 என்று மாற்றவேண்டும். விண்டோஸில் எழுதிய ஷெல் கட்டளைக் கோப்பின் வரிமுடிவுக் குறி லினக்ஸுக்கு ஒத்துவராது. கோப்பு கண்ணுக்கு முன்னால் இருக்க, 'கோப்பு இல்லை' என்று பிழை வரும். ஆப்பிளின் M வரிசைச் சிப் உள்ள மக் கணினியில் கட்டிய இமேஜ் (ஓட்டத் தயாரான செயலிப் பொதி) இன்டெல் கணினியில் எழும்பாது. அதனால்தான் கட்டிமுடித்த இமேஜை வாங்காமல், மூலக்கோப்புகளை வாங்கி மதிப்பீட்டுக் கணினியிலேயே கட்டினார்கள்.

தங்கள் கணக்குக் கொப்பிப் பக்கங்களைத் தந்துதவிய மீனவர் சங்கத்தவருக்கும் நன்றி. செலவு கழித்து, படகுக்காரருக்கும் தொழிலாளருக்கும் பங்கு பிரிக்கும் கணக்குத்தான் போட்டிக்குக் கொடுத்த வேலை. மேலுக்குச் சுலபம். ஆனால் கொண்டெய்னரின் கடிகாரம் வழக்கமாக யூரிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம்முடையது அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. விடியப்புறம் 4 மணிக்குக் கரைசேர்ந்த மீன், நேர வலயத்தைக் கவனிக்காத செயலியில் முந்தினநாள் கணக்கில் போய் விழும். 'கொடுவா' என்று மீனின் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போவதும் உண்டு. 'கொ' வில் உள்ள ஒகரக் குறியை ஒருவர் ஒரே குறியீடாகப் பதிந்திருப்பார், இன்னொருவர் ஒற்றைக் கொம்பும் அரவுமாக இரண்டாகப் பதிந்திருப்பார். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதே பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எப்சி (NFC) என்ற யுனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. எந்த மொழியில் எழுதினாலும் இந்த இரண்டும் காத்திருக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய பட்டியல்களை இரவிரவாக யுனிகோட்டுக்கு மாற்றி, வரிவரியாக ஒப்புப்பார்த்த தங்கைமாருக்குத் தனி நன்றி சொல்லவேண்டும்.

வலையமைப்பைப் பார்த்துக்கொண்ட தம்பிமாருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். ஆளுக்கொரு கருவி என்றால் ஆளுக்கொரு தரவிறக்கம். இமேஜ்களைத் தரவிறக்கும் பொதுக் களஞ்சியமான டொக்கர் ஹப் 2020 இலிருந்து, பயனர் கணக்கில் நுழையாமல் எடுப்பவர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு ஐபி முகவரிக்கு 6 மணித்தியாலத்தில் 100 தடவை. மண்டபம் முழுவதும் ஒரே ரவுட்டர் வழியாகப் போவதால் வெளியே எல்லோரும் ஒரே முகவரிதான். ஒரு அணி நாலு தடவை இழுத்தாலே 25 அணிகளில் முடிந்துவிடும். அதைத் தவிர்க்க உள்ளேயே, எடுத்ததைப் பிரதியாகச் சேர்த்துவைக்கும் மிரர்களை வைத்தார்கள்: இமேஜ்களுக்கு ஒரு ரெஜிஸ்ட்ரி மிரர், நோட் பெக்கேஜ்களுக்கு (ஆயத்த நிரல் பொதிகளுக்கு) வெர்டாச்சியோ, பைதனுக்கு டெவ்பை. முதலாவது ஆள் எடுத்ததை அடுத்தவர் உள்ளேயே எடுத்துக்கொண்டார்.

மின்னியலாளர் அண்ணருக்கும் நன்றி. 65 வொட் லப்டொப் பத்து சேர்ந்தாலும் 3 அம்பியருக்குள்தான். தேத்தண்ணீர்க் கேத்தில் ஒன்று மட்டும் 9 அம்பியர் வரை இழுக்கும். அதற்குத் தனி லைன் இழுத்தார். ரவுட்டர், சுவிச், மதிப்பீட்டுக் கணினி மூன்றையும் மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டார். கரண்ட் போனால் லப்டொப் தன்பாட்டில் தாங்கும், இவை தாங்காது. வட்ட முள்ளும் சதுர முள்ளுமாக வந்த பிளக்குகளுக்கு அடப்டர்களும் அவர்தான் தேடித்தந்தார்.

நடுவர்களுக்கு இருந்த சிரமம் பெரிது. எல்லா மொழியும் தெரிந்த நடுவர் எங்கும் இல்லை. ஆகவே எல்லா அணிக்கும் ஒரே சோதனை வைத்தார்கள்: பங்கு விகிதத்தை மாற்றச் சொல்லி, நடுவர் முன்னிலையிலேயே செய்துகாட்டச் சொன்னார்கள். கோப்பு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேகத்துக்குத் தனிப்புள்ளி கொடுக்காமல், 2 செக்கனுக்குள் பதில் வந்தால் முழுப்புள்ளி என்று வைத்ததும் அவர்கள் எடுத்த நல்ல முடிவு. இல்லாவிட்டால் அணிக்குப் போகவேண்டிய புள்ளி மொழிக்குப் போய்விடும். ஜாவா முழு வேகத்துக்கு வரச் சூடேறும் முதல் சில கோரிக்கைகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டதும் நியாயமே.

வினாத்தாளைச் சிங்களத்தில் பெயர்த்தவர்கள், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றியிறக்கிய வான்காரர்கள், மத்தியானச் சாப்பாடு தந்த அம்மாமார் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

மிரர்களில் சேர்ந்த பெக்கேஜ்கள் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. குச்சவெளியிலோ தம்பலகாமத்திலோ இப்படியொரு போட்டி வைப்பவர்கள் தாராளமாக எடுத்துப் பாவிக்கலாம். பதிப்புகள் பழசாகிவிடும், ஆகவே ஒரு கிழமைக்கு முன்பே நல்ல இணைப்பில் போட்டுப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
போட்டி ஏற்பாட்டுக் குழுவினர்,
திருகோணமலை.